ஏழாம் தறி, ராக்காயி, வெட்டு

ராக்காயி யாரையும் நம்பமாட்டாள் என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்வது அவதூறு. தராசை அவள் நம்பினாள், முள் எங்கே நிற்கிறது என்று தானே குனிந்து பார்த்த பிறகு. ஆஸ்பத்திரி மருந்தையும் நம்பினாள், கலக்கிக் கொடுத்தவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு. புருஷன் அழகுமுத்துவை முழுக்க நம்பினாள். பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சிவந்துவிடும் என்பதைக் கல்யாணமான இரண்டாம் மாதமே கண்டுபிடித்திருந்தாள். மலை உச்சியிலிருந்து மூடுபனி இறங்குவதுகூடக் கொழுந்துக் கூடை நிறையும் நேரம் பார்த்துத்தான் என்பது அவளுடைய நெடுநாள் கருத்து. கேட்டால் தேதியோடு நாலு சாட்சியம் சொல்வாள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. அது வந்த நாளைக்கூடச் சொல்லலாம். 1950இல், ஐப்பசி மழைக்கு நடுவே, ஒரு செவ்வாய்க்கிழமை.

நோர்வூட்டுக்கு மேலே கருக்கம்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் தகப்பன் கந்தப்பன் வேலை செய்தான். ஓர் ஆள் தோட்டத்தில் இருக்கிறான் என்பதற்கு அவன் கண்ணெதிரே நின்றுகொண்டிருப்பது போதாது. செக்ரோல் புத்தகத்தில் அவன் பேர் இருக்க வேண்டும். பேர் இருந்தால் வேலை உண்டு, லயத்தில் ஒரு காம்பரா அறை உண்டு, அரிசி மாவு உண்டு. பேருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் அத்தனையும் போச்சு. அதற்குப் 'பேர் வெட்டு' என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்பு இலங்கை நாடே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு லட்சக்கணக்கான பேரை வெட்டியிருந்தது. ஆனால் அது கொழும்பில் நடந்த காரியம், மலையேறி லயத்துக்கு வந்துசேரக் கொஞ்சம் நாள் பிடித்தது. செக்ரோல் வெட்டு அப்படியல்ல, அன்றைக்கே வந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு மூக்கன் கங்காணி வாசித்தார்: "கந்தப்பனுக்குப் பேரு வெட்டு."

தோட்டத்தில் இரண்டு கந்தப்பன்கள் இருந்தார்கள். மற்றவன், காவல்காரனோடு கட்டிப்புரண்டவன். கோடு போட வேண்டியது அவன் பேருக்கு. ராக்காயியின் தகப்பன் மண் கிளறும் முள்ளுக்கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் மலைக்குப் போயிருந்தால் சாயந்தரத்துக்குள் காரியம் தானாகச் சரியாகியிருக்கும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவனோ நியாயஸ்தன், ஆபீசுக்குப் போய்க் கேட்டான். கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்தார், கோடு தப்பான வரியில் விழுந்திருப்பதைக் கண்டார், தலையைத் தூக்கி எதிரே நிற்கும் ஆளைப் பார்த்தார். தப்பாகக் கோடு போட்டேன் என்று ஒரு கூலியிடம் ஒப்புக்கொள்வதைவிட, போட்ட கோட்டைச் சரியாக்கிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மத்தியானம் வேலை நீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மற்றக் கந்தப்பன் அதே தோட்டத்தில் பேரன் பேத்தி எடுத்து, இன்னும் இரண்டு காவல்காரர்களோடு சண்டை போட்டு, நிம்மதியாகச் செத்தான்.

பக்கத்துக் காம்பராப் பெண்கள் அன்று ஆளுக்கொரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பானை சட்டியோடு டிக்கோயாப் பக்கம் நடந்தபோது கந்தப்பன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான்: "கேக்காம இருந்திருக்கணும்."

பதினாலு வயசு ராக்காயி அதைக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் பார்ப்பாள், மோப்பம் பிடிப்பாள், கணக்குப் போடுவாள். கேட்க மட்டும் மாட்டாள். தெரியாமல் நடந்த தப்பு, கேட்டால் வேண்டுமென்றே நடந்த தப்பாகிவிடும் என்பது அவள் நேரில் கண்ட உண்மை.

பிறகு வேறொரு தோட்டம், பன்னிரண்டு வருஷக் கொழுந்துக் கூடை, அழகுமுத்துவோடு கல்யாணம். அவன் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவன், வாய் நிறையப் பகடி. இலை கசக்கும் ரோலர் ஒரு நாள் அவன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. மூன்று விரல்காரனை பெக்டரியில் வைத்துக்கொள்ள முடியாது என்று தோட்டத்தை நடத்தும் துரை அவன் பேரையும் வெட்டினார். அழகுமுத்து சொல்லிக்கொண்டு திரிந்தான்: "வெரல வெட்டுனது ரோலரு, பேர வெட்டுனது தொர. ரோலருக்காச்சும் கண்ணு தெரியாது."

இந்த நிலைமையில்தான் நெசவு ஆலை வந்தது.

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் வழியில், இரண்டு தோட்டங்களை ஒன்றாக்கியபோது கைவிடப்பட்ட பழைய தேயிலை பெக்டரி ஒன்று கிடந்தது. வெளிநாட்டுத் துணி வருவது குறைந்த காலம். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சண்முகராஜா முதலாளி அந்தக் கட்டடத்தை வாங்கி, எங்கோ கடல் கடந்த ஊரில் யாரோ போதும் என்று தள்ளிவிட்ட பன்னிரண்டு தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார். தேயிலைக்குச் சக்கரம் சுற்றிய அதே ஆற்றுத் தண்ணீர் இப்போது துணிக்குச் சுற்றியது. வேலைக்குக் கொழுந்து பறித்த பெண்களே வேண்டும் என்றார். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிய விரல் நூலை அறுக்காது என்பது அவருடைய சித்தாந்தம். பின்னால் இருந்த பழைய லயத்தில் காம்பராவும் தருவார். முதல் மூன்று மாதம் வேலை பழகும் காலம். அது முடிந்து வருகிற சனிக்கிழமை பெரிய புத்தகத்தில் பேர் பதியப்படும். பதியாவிட்டால் காம்பராவைக் காலி செய்ய வேண்டும்.

1963 பங்குனியில் ராக்காயி தோட்டத்தில் தன் பேரை வெட்டச் சொல்லித் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று விரல் புருஷனோடு அந்தக் காம்பராவுக்கு வந்தாள். போனால் திரும்ப வரமுடியாது என்று துரை சொல்லித்தான் அனுப்பினார். அதை அவள் நம்பினாள். துரைமார் மிரட்டலில் மட்டும் ஏமாற்றுவதில்லை.

அவளுக்குக் கிடைத்தது ஏழாம் தறி. சாதாரணத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூல் தீர்ந்தால் ஆள் தறியை நிறுத்தி வேறு தார் போட வேண்டும். இந்தத் தறி நிற்காது. பக்கத்தில் ஒரு வட்டச் சக்கரம். அதில் நூல் சுற்றிய தார்கள், ஓட்டைப் பல்லுக்கு இடையில் சுருட்டுச் செருகியதுபோல, சுற்றிலும் செருகியிருக்கும். நூல் தீரப்போகிறது என்று தறியே விரல் வைத்துத் தடவித் தெரிந்துகொள்ளும். உடனே ஒரு சுத்தியல் இறங்கிப் புதுத் தாரை நாடாவுக்குள் அடிக்கும், பழையது கீழே தகரத்தில் விழும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ராக்காயியின் வேலை சக்கரத்தில் தார் செருகி, அதன் நூல் நுனியை இழுத்து நடுக்குமிழில் இறுக்கிச் சுற்றுவது. மற்றவர்கள் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவள் மூன்று சுற்றினாள், குமிழ் மேல் நம்பிக்கையில்லாமல்.

புதுத் தார் உள்ளே போனதும் குமிழிலிருந்து துணியின் கரை வரைக்கும் ஒரு நூல் வால் நீண்டு நிற்கும். அதை வெட்டத் துணியின் கரையோரம் நண்டுக்கால் அளவில் ஒரு கத்தரி இருந்தது. தறி அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் அது வாயைத் திறந்து மூடும். பெரும்பாலும் காற்றைத்தான் கடிக்கும். தார் மாறுகிற ஒரு வேளையில் மட்டும் வாயில் நூல் விழும். அந்த ஒரு வேளை தவறினால் வால் அறுபடாமல் அடுத்த ஓட்டத்தில் துணிக்குள் இழுபட்டு, ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த கோடாகப் படிந்துவிடும். நாளெல்லாம் வாயசைத்து, தேவைப்படும் நேரத்தில் கோட்டை விடும் அந்தச் சாமானுக்கு ராக்காயி முதல் வாரமே 'கங்காணி' என்று பேர் வைத்துவிட்டாள்.

ஆலையின் மாஸ்டர் தம்பையா யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே ஒரு நெசவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு முரண்பாடு உண்டு. பேசும்போது கட்டர், பெல்ட், ஸ்பிரிங் என்று வாய் ஓயாமல் இங்கிலீசு. எழுதும்போது ஒரு அந்நியச் சொல்லும் கைக்கு வராது. தமிழுக்குச் சோதனையான காலத்தில் தமிழன் சுண்ணக்கட்டியாவது சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். வாசலில், முன்பு கொழுந்து நிறை எழுதிய கரும்பலகையில், எந்தத் தறியில் என்ன பழுது என்று ஃபிட்டருக்குக் குறிப்பு எழுதுவார். தறி எண், ஆள் பேர், பழுது. இந்தப் பலகை ஃபிட்டருக்கு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் தறி வீரம்மாவுக்கு பெல்ட் தேய்ந்தபோது அவர் எழுதினார்: '3 — வீரம்மா — வார்.' வீரம்மா எழுத்துக் கூட்டி வாசித்து, 'வாரும்' என்று வரச்சொல்கிறார்கள் என முடிவு கட்டி, தலைவாரிப் பூவைத்துக்கொண்டு மாஸ்டர் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றாள். மாஸ்டர் அவளைப் பார்த்து ஏன் நிற்கிறாள் என்று யோசித்தார். அவளோ இவர் ஏன் யோசிக்கிறார் என்று யோசித்தாள். கடைசியில் இருவரும் ஒன்றும் பேசாமல் பிரிந்தார்கள். ஃபிட்டர் அந்தப் பெல்ட்டைத் தானாகவே பார்த்து மாற்றியதால் விஷயம் வெளியே வரவில்லை.

அந்த ஃபிட்டர்தான் ராக்காயிக்கு மனசில் முள். பேர் செல்லசாமி, கருக்கம்பாறை மூக்கன் கங்காணியின் மகன். அவள் தகப்பன் பேரைப் பெரட்டில் வாசித்தவர் மகன் கையில் ஸ்பானரோடு தன் தறிக்குப் பக்கத்தில் குனிவதை அவளால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் தொட்டுவிட்டுப் போன மறுநாள்தான் ஏழாம் தறித் துணியில் முதல் வால் விழுந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாளைக்கு மூன்று. மூன்று மாதம் முடியும் தறுவாயில் ஒரு நாளைக்குப் பத்து. அவள் குமிழில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நூல் விறைத்து நின்றது. கங்காணி வாயைத் திறந்து மூடினார். வால் மட்டும் அறுபடவில்லை.

"என்னடி, ஏழாந் தறியில சீலை நெய்யிறியா, சடை பின்னுறியா?" என்றாள் வீரம்மா.

"சடை பின்ன வைக்கிறாங்க," என்றாள் ராக்காயி. யார் என்று சொல்லவில்லை.

பேர் பதிகிற சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, பலகையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'7 — ராக்காயி — வெட்டு.'

லயத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். மெதுவாகத்தான் வாசிப்பாள், ஆனால் தப்பாக வாசிக்கமாட்டாள். ஒரு தடவை வாசித்தாள். பனி படிந்த பலகை என்று முந்தானையால் ஓரத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள். அவள் பேர். அதற்குப் பக்கத்தில் வெட்டு. நடுவில் ஒரு கோடுகூடப் போட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக, என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை, அது தானே வந்து வரிசையில் நிற்கும். என்றைக்கும் சிரிக்காத தம்பையா மாஸ்டர் அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தார். செல்லசாமி எதிரே வந்தவன், அவளைக் கண்டதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிப் போய்விட்டான், ஏழாம் தறிக்கு அருகே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில், தன் வாய்க்கு மிஞ்சித்தான் யாருக்கும் என்று வாழ்கிற வீரம்மா, பாதி ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள்.

"சாப்பிடுடி. ஒண்ணும் யோசிக்காத."

ராக்காயிக்கு அந்த ரொட்டியைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பேர் வெட்டிய வீட்டுக்குத்தான் ரொட்டி வரும்.

கேட்கக் கூடாது. கேட்டால் புத்தகத்தைத் திறப்பார்கள், உறுதியாக்கிவிடுவார்கள். ஆனால் சனிக்கிழமைக்குள் இது செல்லசாமியின் கைவேலை என்று காட்டினால்? அவன் எதைத் திருகி வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. மெசின் தெரிந்த ஆள் அவள் காம்பராவிலேயே இருக்கிறான், ஆனால் அவனை ஆலைக்குள் விடமாட்டார்கள். ஆளை மெசினிடம் கொண்டுவர முடியாவிட்டால் மெசினை ஆளிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

மத்தியானம் தண்ணீரை அடைத்துத் தறிகளெல்லாம் நின்றதும் ஆட்கள் வெளியே போனார்கள். ராக்காயி மட்டும் காம்பராவுக்கு ஓடி, அழகுமுத்துவின் பழைய ஸ்பானரை எடுத்து வந்து, இரண்டு திருகு மறையைக் கழற்றி, கங்காணியை முந்தானையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டாள்.

தண்ணீர் திறந்ததும்தான் அடுத்த கேள்வி வந்தது. கத்தரியே இல்லாத தறியில் ஒவ்வொரு தாருக்கும் வால் விழும். மாலைக்குள் துணி முழுக்கத் தாடி வளர்ந்துவிடும். முதல் தார் மாறியது. சுத்தியல் இறங்கியது, வால் நீண்டது. அவள் கை அவளைக் கேட்காமலே போய் அந்த வாலைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளியது. மொட்டுக் கிள்ளுவது போலத்தான். தறியின் பலகை திரும்பி வந்து அடிப்பதற்குள் கை வெளியே வந்துவிட்டது. இரண்டாவது தார், மூன்றாவது தார். பழக்க காலத்தில் ஆளுக்கு ஒரே தறி என்பதால் அவளால் அப்படியே நிற்க முடிந்தது. சாயந்தரம் வரை மலையில் நிரை பிடித்துப் பறித்ததைப் போல ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். அந்த ஆலை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வால்கூட இல்லாமல் துணி இறங்கியது அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல்தான், அதுவும் வால் வெட்டும் சாமான் அவள் மடியில் இருந்தபோது.

வீட்டில் அழகுமுத்து அடுப்பில் கீரை கிண்டிக்கொண்டிருந்தான். மடியிலிருந்து இரும்பை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

"கத்தரி இங்க இருக்குன்னா, அங்க எதால வெட்டுன?"

"நகத்தால."

"ஓடுற மெசின்லயா?"

"நிப்பாட்டி வச்சா கிள்ளுவாங்க?"

அவன் கரண்டியை வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை ஒவ்வொன்றாகத் தொட்டான். பத்தும் இருந்தன. இன்னொரு தடவை தொட்டான்.

"நம்ம வீட்டுல பதினெட்டு இருக்கு புள்ள," என்றான். "அதுல கொறைக்காத."

வேறு நேரமாக இருந்தால் பகடி பண்ணியிருப்பான். பிறகுதான் கத்தரியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான், முகர்ந்தான்.

"யாரு திருகி வச்சிருக்கான்? செல்லசாமிதானே?"

"பனி திருகி வச்சிருக்கு. ஸ்பிரிங்கு துருப்புடிச்சுப் போச்சு பாரு. பஞ்சும் எண்ணையும் சேந்து களியாட்டம் அடைச்சிருக்கு. அலகு மழுங்கிக் கெடக்கு. இது வாயத் தொறக்கும், மூடும், வெட்டாது."

"அப்ப அவன் ஒண்ணும் பண்ணலியா?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கோளாறு."

செல்லசாமி குற்றவாளி இல்லை என்பது ராக்காயிக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அழகுமுத்து கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான்.

"ஏன் புள்ள, மாஸ்டர் பலகையில எழுதுன வெட்டு, இந்த வெட்டா இருக்குமோ?"

"அவரு இத கட்டர்னுதான் சொல்லுவாரு. மூணு மாசமா என் காதால கேக்குறேன்."

"கேட்டுப் பாக்கலாமே."

"எங்கப்பன் கேட்டாரு," என்றாள்.

அழகுமுத்து ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான், அலகைக் கல்லில் தீட்டினான், மூன்று விரலால் பிடித்து ஒரு நூலை அதன் வாயில் வைத்து அழுத்தினான். நூல் சத்தமில்லாமல் இரண்டாகியது. விடிந்ததும் யாரும் வருமுன் போய் மாட்டிவிட வேண்டியது என்று முடிவாயிற்று.

ஆனால் அவளுக்கு முன்பே மாஸ்டர் போயிருந்தார். நேற்று மத்தியானத்துக்கு மேல் இறங்கிய துணியை விரித்துப் பார்த்தவருக்கு ராத்திரித் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு வால்கூட இல்லை. ஏழாம் தறியில் அந்தக் கட்டரை எப்படி நிறுத்தியிருக்கிறது என்று பார்த்து மற்றப் பதினொன்றையும் அதேபோல் நிறுத்தலாம் என்று அளவுகோலோடு வந்தவர், கட்டர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையைக் கண்டார். ராக்காயி உள்ளே நுழைந்தபோது அவர் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செல்லசாமி திருடனைப் போல நின்றான். பின்னாலேயே வந்த வீரம்மா, "பழைய இரும்புக்கு இப்ப நல்ல கிராக்கியாம்," என்று யாருக்கோ சொல்வதுபோல் அவன் காதில் விழச் சொன்னாள்.

"என்ன பிள்ளை, கட்டர் எங்கை?" என்றார் மாஸ்டர். "கட்டர் இல்லாமல் இந்தத் துணி எப்பிடி வந்தது?"

இப்போது தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனால் பழி செல்லசாமிக்கு விழும். நேற்று வரை அவள் வேண்டியதும் அதுதான். ஆனால் அவன் ஒன்றும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செய்யாத ஒருத்தன் பேருக்குக் குறுக்கே கோடு விழப்போகிறது, அதுவும் அவளுடைய மடியிலிருக்கும் இரும்புக்காக.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கத்தரியைத் தறி மேல் வைத்தாள்.

"நான்தான் கழட்டுனேன். துருப்புடிச்சுக் கெடந்திச்சு, எங்க வீட்டுக்காரரு தீட்டிக் குடுத்திருக்காரு. வால நகத்தால கிள்ளினேன்." பதின்மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது தொண்டைக்கு வந்துவிட்டது. "ஐயா, ஒண்ணு கேக்கணும். பேர வெட்டுறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வெட்டலாங்களே. என்ன தப்புப் பண்ணுனேன்னு பலகையில எழுதி வெட்டுனீங்க?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"நான் எங்க பிள்ளை உம்மட பேரை வெட்டினனான்? உம்மட பேரை வடிவா எல்லோ எழுதினனான்?"

"பக்கத்துல வெட்டுன்னு எழுதுனீங்களே."

"அது கட்டர். கட்டருக்குத் தமிழ் வெட்டு. வேற என்னெண்டு எழுதுறது?"

செல்லசாமிதான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தான். "ஐயா, தோட்டத்துல பேருக்குப் பக்கத்துல வெட்டுன்னு இருந்தா ஆள நிப்பாட்டியாச்சுன்னு அர்த்தங்க. சட்டி பானைய எடுத்துக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

மாஸ்டர் திரும்பிப் பலகையை இன்னொரு தடவை வாசித்தார். சுத்தத் தமிழ் எழுதி ஒரு தமிழச்சியைத் தெருவுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கு மெல்ல விளங்கியது. பிறகு வேறொன்றும் விளங்கியது.

"சரி, அவ பிழையா விளங்கினா. நீ ஏன் திருத்தேல்லை? பலகை உனக்கெண்டுதானே எழுதுறது?"

செல்லசாமி ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "நானும் அப்படித்தாங்க வாசிச்சேன். அக்கா பேரு வெட்டியாச்சு, போற ஆளு தறிய இப்ப எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன்."

வீரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். ராக்காயி சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது.

"நேத்து ஏன் என் மூஞ்சியப் பாக்காமப் போன?"

"எப்படிப் பாக்குறது அக்கா. கருக்கம்பாறையில எங்கப்பன் வாசிச்ச அன்னைக்கு நானும் பெரட்டுலதான் நின்னேன். நீங்க போறப்ப பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ராக்காயி கத்தரியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நீயே மாட்டு. ரெண்டு மறைதான். இறுக்கி மாட்டு."

முதல் தார் மாறியபோது நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். வால் நீண்டது, கங்காணி வாயை மூடினார், வால் அறுந்து கீழே விழுந்தது. மாஸ்டர் ராக்காயியின் பக்கம் திரும்பி, இனி ஓடுகிற தறிக்குள் கை போனால் அன்றைக்கு நிச்சயமாகப் பேரை வெட்டுவேன் என்று சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லை விழுங்கி, "கை வைக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார்.

பலகையில் இனி ஆள் பேர் இல்லை, எண் மட்டும் என்று அன்றே தீர்மானமாயிற்று. கட்டருக்கு என்ன சொல் எழுதுவது என்று மாஸ்டர் ராக்காயியிடமே கேட்டார். அகராதியைப் புரட்டியும் கிடைக்காத ஒன்றை அவள் யோசிக்காமல் சொன்னாள்: "வாலுன்னு எழுதுங்க. வாலு விழுந்தாத்தானே பழுது." மறுநாள் பதினோராம் தறிக்கு 'வால்' என்று எழுதியிருந்தது. அந்தத் தறிக்காரி நாள் முழுக்க வீரம்மாவின் வாயில் அகப்பட்டுக்கொண்டாள்.

எண் மட்டும் இருக்கும் பலகையை வியாழக்கிழமை முழுக்க ராக்காயி பார்த்தாள். வெள்ளிக்கிழமையும் பார்த்தாள். சாயந்தரம் மாஸ்டர் அறை வாசலுக்குப் போய் நின்றாள். கேட்கப் பழகிவிட்டாள் அல்லவா.

"ஐயா, பலகையில இருந்து என் பேர எடுத்துட்டீங்களே. என்ன விஷயம்?"

மாஸ்டர் சுண்ணக்கட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, பலகையைக் காட்டினார்.

சனிக்கிழமை காலை சண்முகராஜா முதலாளி ஹட்டனிலிருந்து பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் எழுதினார். ஒருத்தி பேர் எழுதப்படும்போது மற்றவர்கள் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. ராக்காயியின் முறை வந்ததும் அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்காமல் சுற்றிப்போய் மாஸ்டரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒவ்வோர் எழுத்தாக இறங்கியது. ரா. க் வரும்போது உதடு அசைந்தது. யி வந்து முடிந்தது. தகப்பன் பேர் கந்தப்பன் என்று எழுதியபோது, "கருக்கம்பாறையில நியாயங் கேட்ட கந்தப்பன்னு போடுங்க," என்றாள். "ரெண்டு பேரு இருந்தாங்க."

முதலாளி ஏதோ சொல்ல வந்து, மாஸ்டர் கண் காட்டியதும் அடங்கிவிட்டார். மாஸ்டர் அப்படியே எழுதினார். எழுதி முடித்து, வழக்கப்படி அளவுகோலை வைத்துப் பேனாவால் ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தார்.

ராக்காயியின் கை மேசைக்கு வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் குனிந்து, தராசு முள்ளைப் பார்ப்பதுபோல, பாதியில் நின்ற கோட்டைப் பார்த்தாள். அது பேருக்குக் கீழே ஒரு நூல் இடைவெளி விட்டுத்தான் போயிருந்தது. கடைசி எழுத்து வரைக்கும் அப்படியே போகுமா என்று அளவுகோலின் விளிம்பையும் ஒரு தடவை கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, கையை எடுத்தாள்.

"இழுங்க," என்றாள்.